அருவியில் டியூட்டி, தொண்டையில் வறட்சி

சாரல் சீசன் வந்தா குத்தாலத்துல பொம்பளைங்க குளிக்கிற பக்கம் எனக்குப் பந்தோபஸ்து. "குளிச்சது போதும், அடுத்தவங்களுக்கு வழிவிடுங்க"ன்னு விசில் ஊதியே தொண்டை போயிரும். கண்ணு முன்னால அவ்வளவு தண்ணி கொட்டும், நான் ஒரு மடக்கு குடிக்க மாட்டேன். குடிச்சா பாத்ரூம் போகணும், போனா நின்ன இடத்தை விடணும். பெண் போலீசுக நாங்களா எங்களுக்குப் போட்டுக்கிட்ட சட்டம் அது. அதுல எனக்குப் பெருமை வேற!

ஒருநாள் காலையில கக்கூஸ்ல ரத்தம். புத்துநோயாத்தான் இருக்கும், மவன் இப்பத்தான் பத்தாப்பு படிக்கான், நான் போயிட்டா அவன் கதி என்னன்னு அழுதேன். வீட்டுக்காரர்ட்டகூடச் சொல்லலை. அந்த இடத்தைப் பத்தி எப்படிச் சொல்ல? உடம்புச் சூடுதான்னு என்னை நானே தேத்திக்கிட்டு, டியூட்டி முடிஞ்சதும் தினம் அருவியில தலையைக் குடுத்தேன். குளிச்சா பசிக்கும்லா, அங்கனயே நாலு பரோட்டா. நல்ல வைத்தியம் போங்க!

மூணு வாரம் கழிச்சுத்தான் தென்காசியில ஒரு டாக்டரம்மாட்ட போனேன். பரிசோதிச்சுப் பார்த்துட்டு, "மூலம்தான், ஆரம்ப நிலை. ஆபரேஷன் வேண்டாம். ஆனா ரத்தம் வந்தா நீங்களா மூலம்னும் முடிவு பண்ணக்கூடாது, சூடுன்னும் சொல்லக்கூடாது. உடனே வந்து காட்டணும்"ன்னா. பிறகு, "பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"குடிக்க மாட்டேன்."

"எங்க வேலை?"

"அருவியில."

பேனாவைக் கீழே வச்சுட்டுச் சிரிச்சா பாருங்க, எனக்கும் சிரிப்பு அடக்க முடியலை. தண்ணி, கீரை, பழம், முக்கக்கூடாது, போனை எடுத்துக்கிட்டு உள்ள போயி உக்காரக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினா. மறுநாள் பக்கத்துல நின்ன போலீஸ்காரிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு தயங்குனீங்க? போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்"ன்னா. அன்னையிலேர்ந்து மாத்தி மாத்திப் போனோம்.

கொஞ்ச நாள்ல ஒரு காலையில முக்கல் இல்லை, வலி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "இல்லை! இல்லை!"ன்னு கத்திக்கிட்டே வெளியே ஓடி வந்தேன். வீட்டுக்காரர் பாதி சவரத்தோட, "என்னட்டி இல்லை?"ன்னார். எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டித் தீர்த்தேன்.

கேட்டவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. அக்கம்பக்கம் பார்த்துட்டு, மெல்லக் கேட்டார்: "ஏட்டி, அந்த டாக்டரம்மா ஆம்பளைகளையும் பாப்பாளா? எனக்கு ஆறு மாசமா இருக்கு."