சரிங்க

தொண்ணூறுகளில் திருப்பூர்க் காவலர்களுக்கான பயிற்சி வகுப்பை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தது. நான் திருநெல்வேலிக்காரன்; இன்ஸ்பெக்டராக இந்த ஊர் ஸ்டேஷனுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. விசாரணைப் பாடத்தைத்தான் முதலில் வைத்தேன். ஒத்திகையில், சந்தேகத்துக்குள்ளான பனியன் கம்பெனித் தொழிலாளியாக நடித்தவர் தாராபுரத்துப் பெண் காவலர்; விசாரித்தது நான்.

“ராத்திரி கம்பெனிக்குள்ள இருந்திருக்க.”

“சரிங்க.”

“நூல் மூட்டைய எடுத்திருக்க.”

“சரிங்க.”

கரும்பலகையில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினேன். வகுப்பில் இருந்த உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள்.

“ஐயா, நீங்க சொல்றது காதுல விழுதுன்னு சொன்னேனுங்க. நான் எடுக்கலீங்க. வெளியூர்க்காரங்களுக்கு இது குழப்பந்தானுங்க” என்றார் அவர் தன்மையாக.

பாட வரிசையை மாற்றினேன். விசாரணைப் பாடத்துக்கும் முன்னால் இந்த ஊர்ப் பேச்சு வந்தது. அதை அவரையே நடத்தச் சொன்னேன்.

கரும்பலகையில் எழுதியதை அன்றே அழித்துவிட்டேன். அதற்கு முன் ஸ்டேஷனில் என் எதிரே நின்று எத்தனை பேர் ‘சரிங்க’ என்றிருப்பார்கள்.