மலைமேல் சுட்டுப் பார்த்த குழல்

அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கிப் பைத்தியம் முற்றியிருந்தது. மலைமேல் நாங்கள் குடியிருந்த நாயுடுபுரத்துப் பனியில் பெரிய துப்பாக்கியின் குழல் துருப்பிடித்துவிட, சீமையிலிருந்து புதுக் குழல் வரவழைக்கக் கிளம்பினார். குழலுக்குள் வரிவரியாக ஒரு புரி ஓடும். அதுதான் தோட்டாவைச் சுழற்றி நேராகப் பறக்கவிடும். அது எவ்வளவு நெருக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டுமாம். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

புரி நெருக்கமாக இருந்தால் கனத்த தோட்டாவுக்கு நல்லது. ஆனால் குழல் சீக்கிரம் தேயும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இவர் சிக்கனக்காரர். தளர்ந்த புரியையே கேட்டு எழுதினார். குழல் வந்ததும் பக்கத்து வில்பட்டி மேட்டில் அட்டையை நட்டு, கனத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்தார். ஓட்டைகள் வட்டமாக, ஒழுங்காக விழுந்தன; தோட்டா தள்ளாடாமல் நேராகப் போகிறது என்று அதற்கு அர்த்தமாம்.

"பாத்தியா? நெருக்கமா வேணும்னு சும்மா பயங்காட்டுனாங்க" என்றார். எனக்கும் பெருமைதான்.

அந்தத் தை மாதம் வத்தலக்குண்டுப் பக்கம், மலை அடிவாரத்திலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர் வந்தார். "ஒத்தக் காட்டுமாடு வாழையப் பூரா அழிச்சுப்போட்டுருச்சுங்க. நீங்க வெரசா வந்தாத்தான் மிச்சம் தேறும்" என்றார்.

இவர் மறுநாளே போய்ச் சுட்டார். தோட்டா தள்ளாடிப் படுக்கைவாட்டில் பட்டது; ஆழமாக இறங்கவில்லை. மாடு புதருக்குள் ஓடிவிட்டது. காயம்பட்ட மிருகத்தைச் சுட்டவரே தேடிப் போக வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் கட்டுப்பாடு. போனார். வழிகாட்டத் தோட்டக்காரரும் கூடப் போனார். மாடு அவர்மேல்தான் பாய்ந்தது. இவர் கிட்டத்தில் வைத்து அதைச் சுட்டு வீழ்த்துவதற்குள் அந்த மனிதரின் உயிர் போய்விட்டது.

மலைமேல் காற்று லேசு, தளர்ந்த புரியே போதுமாக இருந்திருக்கிறது. அடிவாரத்தில் காற்று கனம், அங்கே அதே தோட்டா நிலைகுலைந்துவிட்டது என்று பிறகு விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். மலையிலேயே கிடந்த எங்களுக்குக் காற்று எங்கும் ஒன்றுதான் என்ற நினைப்பு. அதை எண்ணினால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

காரியத்துக்குப் போயிருந்தோம். தோட்டக்காரரின் மனைவி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவரை நிமிர்ந்து பார்த்து, "துப்பாக்கியச் சரி பாத்துத்தான் கொண்டாந்தீங்களாய்யா?" என்று கேட்டாள்.

"பாத்தேம்மா. மேல, வில்பட்டியில சுட்டுப் பாத்தேன்."

"மாடு இங்கனதானேய்யா இருந்துச்சு" என்றாள்.