இரண்டாவது வெட்டுக்கத்தி

ஆம்பூர் பஜார் இரும்புக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். மனையில் மண்டிய கருவேல முள்ளை வெட்ட, பழைய லாரி வில்பட்டை இரும்பில் அடித்த வெட்டுக்கத்தி வாங்கப் போயிருந்தேன். விலை கம்மி, நாள்பட உழைக்கும். பக்கத்தில் அவர் நின்றார். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு கத்தியையும் நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

கணீரென்று ஒலித்த ஒன்றை எடுத்துவைத்து, "இன்னொண்ணும் காட்டுங்க பாய்," என்றார்.

"ரெண்டு இன்னாத்துக்கு?" என்றார் கடைக்காரர்.

"நாட்றம்பள்ளில எங்கண்ணன் என் நிலத்துல வேலி போட்டுட்டான். நாளைக்கு அத்த வெட்டப் போறேன். மறிக்க வருவான். அவன்கிட்ட கத்தி இல்ல."

பாயின் கை பாதியில் நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் தானே மீதிக் கத்திகளைச் சுண்டிப் பார்த்தார். எல்லாமே மந்தமாக ஒலித்தன. கடைசியில் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"இதுல நல்லது யாருக்குங்க?" என்று கேட்டேன்.

என்னை விநோதமாகப் பார்த்தார். "அவன்தானே பெரியவன்?"

அந்த வாரம் முழுக்கப் பேப்பரைப் பயந்துகொண்டேதான் பிரித்தேன். நாட்றம்பள்ளிச் செய்தி எதுவும் வரவில்லை. இன்றைக்கும் பேப்பரில் முதலில் அந்த ஊர்ப் பெயரைத்தான் தேடுகிறேன்.