முழுக் கட்டுரை வரும் வரை

நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. 1958இல், கொடைக்கானலில், என் கண் முன்னே நடந்தது இது.

ஒரு சிறு மருத்துவமனை நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு நோயைப் பற்றி எந்த இதழில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருளடைவில் தேடுவோம். கட்டுரையின் சாரம், சுருக்கத் தொகுதியில் நாலு வரியாக இருக்கும். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் மதராஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

என் மனைவி லீலா அங்கேதான் நுரையீரல் நோயோடு படுத்திருந்தாள். டாக்டர் இராமலிங்கம் ஒரு புது ஊசியைப் பற்றி அந்த நாலு வரியில் படித்தார். முழுக் கட்டுரைக்கு எழுதியிருந்தேன்.

"அதுவரைக்கும் தாங்காது. நாளைக்கே போட்டுடலாம்" என்றார்.

அன்று மாலை ஐந்தரை மணி. ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. பூண்டு வாசம்தான் முதலில் வந்தது. நிமிர்ந்தேன். நனைந்த கம்பளியோடு ஒருவர் மேசையருகே நின்றார். நான் மூடி வைத்திருந்த பொருளடைவு திறந்து கிடந்தது.

"ஐயா, பொஸ்தகம் வந்துருச்சுங்களா?"

"எந்தப் புத்தகம்?"

விரல் வைத்துக் காட்டினார். லீலாவுக்காக டாக்டர் கோடிட்டிருந்த அதே வரி.

"மதராஸிலிருந்து வரணும். நாளாகும்."

"போன தடவையும் இதேதான் சொன்னாங்க... அதுக்குள்ள எம் பிள்ளைக்கு ஊசியப் போட்டுட்டாங்களே."

கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டப்... டப்...

தரை நனையவில்லை.

ஊசியை நிறுத்தச் சொல்ல டாக்டரிடம் ஓடினேன்.

"நூலகத்த விட்டுட்டு வைத்தியம் பார்க்க வந்துட்டீரா?" என்று டாக்டர் சீறினார். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில், "சரி, தபால் வரட்டும். ஆனா பழி என்மேல இல்ல" என்றார்.

தபால் வந்தது. இதயம் தளர்ந்தவர்களுக்கு அந்த ஊசி ஆகாது. சுருக்கத்தில் அந்த வரி இல்லை.

லீலாவின் இதயம் தளர்ந்துதான் இருந்தது.

பிறகுதான் நர்ஸ் வீரம்மாளிடம் விசாரித்தேன்.

"வில்பட்டியில பூண்டு போடுற நல்லுசாமிங்க, சார். அவரு பிள்ளைக்கும் இதயம் தளர்ச்சிதான். பழைய டாக்டர் இதே ஊசிய போட்ட அன்னைக்கே போயிருச்சு. இனி எதுக்குன்னு, அந்தப் புத்தகம் வேண்டாம்னு ஆஸ்பத்திரியில மதராஸுக்கு எழுதிட்டாங்க. அது தெரியாம, பிள்ளை ஏன் போச்சுன்னு அதுல இருக்கும்னு இந்த நூலகப் பெஞ்சிலயே கெடந்தாரு. ஒருநாள் எழுப்புனோம்... எந்திரிக்கலைங்க."

மறுநாள் மாலை. மூடுபனி. பூண்டு வாசம்.

"வந்துருச்சுங்களா, ஐயா?"

இதழ் என் கையில்தான் இருந்தது. படித்துச் சொன்னால், காத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"இன்னும் வரலைங்க."

தலையாட்டினார். மெல்லப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்...