கூனித்தூள் பேணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தயங்கிவிட்டேன். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் கொப்பியை எடுப்பேன். விரதம் முடிந்ததும் மூடி வைத்துவிடுவேன். இன்று முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தியும் சித்தப்பாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, கப்பி மீன்களோடு நல்ல தண்ணீரில் வாழும் சின்ன இறால்களையும் விட்டிருந்தார். நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது, உடம்புக்குள்ளால் மறுபக்கம் தெரியும். ஒன்றின் வயிற்றடியில் முட்டைகள் இருந்தன. அது கால்களால் அவற்றை விசிறிக்கொண்டே இருக்கும். சித்தி அரிசி புடைக்கிற சுளகோடு வந்து நின்று பார்ப்பார்.

"இன்னும் பொரிக்கேல்லையோடி?" என்று இறாலிடமே கேட்பார்.

"நீர் இப்பிடி முழிச்சுப் பார்த்தால் அது எப்பிடிப் பொரிக்கும்?" என்பார் சித்தப்பா.

அந்தச் சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி இருப்பதாகச் சித்தி நேர்ந்துகொண்டார். பிள்ளை வரத்துக்கு என்று அம்மா சொன்னார். வீட்டைக் கழுவி, மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கும் சட்டிகளை வளவுக் கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தகரப் பேணி மிஞ்சியிருந்தது. சல்லிக் கடற்கரையில் வாங்கிய காய்ந்த கூனி இறாலை மீன்களுக்காகச் சித்தப்பா இடித்து வைத்த தூள். திறந்தால் வீடே மணக்கும். அதுவும் மச்சம்தானே, சித்தியின் விரதம் பலிக்காமல் போனால்? பேணியைக் கொண்டுபோய்க் கொட்டிலில் ஒளித்தேன். மீன்களும் விரதம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தொட்டிக்குச் சாப்பாடு போடுவது என் வேலை.

"போட்டனியோ மகள்?"

"ஓம் சித்தி."

விரத நாளில் சொன்ன பொய் அது.

மூன்றாம் நாள் குஞ்சுகள் பொரித்தன. ஊசிமுனை அளவில், பாசியெல்லாம் துள்ளின. சித்தி கதிரையை இழுத்துப்போட்டு அன்று முழுக்க அங்கேயே இருந்தார். "முருகன் காட்டிப்போட்டான்," என்றார்.

ஐந்தாம் நாள் ஒரு குஞ்சும் இல்லை. கப்பிகள் பாசியைக் கொத்திக்கொண்டு திரிந்தன. சித்தப்பா பேணியைத் தேடினார். நான் அழுதுகொண்டே எடுத்துவந்தேன்.

"ஏன் பிள்ளை ஒளிச்சனீ?" என்றார் சித்தி.

"வீட்டில மச்சம் இருந்தால் உங்கட விரதம் பிழைச்சுப்போகும் எண்டு."

"சாப்பாடு போட்டிருந்தாலும் இதுகள் குஞ்சைத் தின்னும்," என்றார் சித்தப்பா. எங்கள் இருவரில் யாருக்குச் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

சித்தி தன் கையாலேயே ஒரு சிட்டிகை தூளை எடுத்து மீன்களுக்குப் போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாக, நெடுநேரம் தலையில் வார்த்தார். மச்சம் தொட்ட கைக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டுமா என்றுதான் அப்போது நினைத்தேன்.

வாசிக்கிறவர்கள் இதை வேறு யாருக்கும் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அடுத்த வருடம் சித்திக்குப் பிள்ளை பிறந்தது என்று சேர்க்க வேண்டாம். பிறக்கவில்லை. ஆறாம் நாளும் அவர் பட்டினி கிடந்தார். சூரன்போர் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். அந்தச் சனத்துக்குள் என் கையை ஒருதரமும் விடவில்லை. அதையும் விடாமல் சொல்லுங்கள்.