அவன் கேட்ட இருபது நிமிஷம்

வாலாஜாபாத் அரிசி ஆலையின் களத்தில், புழுங்கின நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது எனக்குச் சேதி வந்தது. உத்திரமேரூரிலிருந்து நெல் மூட்டை ஏற்றிவந்த லாரிக்காரர் சொன்னார். "முனுசாமி, உங்க டிரில் மாஸ்டரு பூட்டாருபா. காத்தால நாஷ்டா துன்னுக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." களத்தின் அந்தக் கோடி வரைக்கும் துழாவிவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகுதான் கால் நின்றது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்வா என்று கையைக் காட்டினார்.

சாமுவேல் மாஸ்டரை இந்த வட்டாரத்தில் பந்து உதைத்த எல்லாருக்கும் தெரியும். அவரிடம் டிரில் படித்தவர்களும், அவர் தேர்ந்தெடுத்து வெளியூர் போய் ஆடியவர்களும் சேர்ந்து இந்த நினைவு மலரைக் கொண்டுவருகிறார்கள். என்னை எழுதச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர்களுக்குள் பேச்சு நடந்ததும் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அவரோடு பேசாதவன் நான். மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைப் பிறகு செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்து நானே பழகிக்கொண்டேன். உங்களுக்கு அவர் மாஸ்டர். எனக்கு அவன் சாமுவேல். அப்படித்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

எங்கள் இருவருக்கும் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்துத் திருப்புலிவனம். ஒரே ஐப்பசியில், அவன் எனக்கு ஆறு நாள் முன்னால் பிறந்தான். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிலத்தில் நாற்று நட்டவர்கள். கோடையில் ஏரி வற்றினால் வெடித்த மண்ணில்தான் எங்கள் ஆட்டம். நான் ரைட் அவுட், அதாவது வலது ஓரத்தில் ஓடுபவன். அவன் நடுவில் நின்று எனக்குப் பந்து போடுவான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. போடுவான், நான் அங்கே இருப்பேன்.

இருபத்து நாலாம் வயதில், பாலாற்றங்கரையில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவனுக்கு முட்டி திரும்பிவிட்டது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழி வரை அழுதான். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில், "என் காலு பூட்ச்சிடா முனுசாமி. இனிமே உன் காலு ரெண்டும் என்துதான். பார்த்து வெச்சிக்கோ" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. டிரில் மாஸ்டர் பயிற்சிக்கு அவன் சென்னை போனபோது, அங்கே பந்தாட்ட அணி வைத்திருந்த ஒரு மில்லில் ஆளைப் பிடித்துப் பேசி என்னையும் சேர்த்துவிட்டான். மில்லுக்கு நான் எட்டு வருஷம் ஆடினேன். அவன் உத்திரமேரூருக்குத் திரும்பி டிரில் மாஸ்டர் ஆனான். ஆட்டத்தைப் பார்த்து ஆளை எடை போடுவதில் அவனுக்குப் பேர் வந்து, தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் குழுவிலும் ஒரு நாற்காலி கிடைத்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவன் ஒரே பாட்டைத்தான் பாடினான். நம் ஊர்களில் அப்போது ஆட்டம் எழுபது நிமிஷம். வெளிதேசத்தில் தொண்ணூறு. நாமெல்லாம் எழுபது நிமிஷத்தையே முழு ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதில் ஜெயித்தவனை மாலை போட்டுக் கப்பல் ஏற்றினோம். கடைசி இருபது நிமிஷத்தில் நம் ஆட்கள் அங்கே நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாமுவேல் சொல்வான்: "தேசத்துச் சட்டைய, போன வருஷம் நல்லா ஆடினதுக்குப் பரிசா குடுக்கக் கூடாது. நாளைக்கு ஓடறவனுக்குக் குடுக்கணும்." இளம் கால் வேண்டும், மூச்சு வேண்டும் என்று குழுவில் சண்டை போட்டு, முப்பது வயதைத் தாண்டியவர்கள் வேண்டாம் என்று ஒரு விதியும் கொண்டுவர வைத்தான். அப்போது நான் அவன் பக்கம்தான். கிழடுகளைத் தள்ளு என்று நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் பெண்சாதிக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வயது கேட்கமாட்டார்கள். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. சாமுவேலை அவன் அம்மா ஐந்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நான் மாடு மேய்த்துவிட்டு எட்டு வயதில்தான் போனேன். குள்ளம், கையும் குட்டை. விரல் நுனி காதில் பட்டும் படாமலும் இருந்ததைப் பார்த்து வாத்தியார் எனக்கு ஐந்து என்று எழுதிவிட்டார். அவன் நாலாம் வகுப்பில் இருந்தான். நான் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். மில்லில் சேர்ந்தபோது அந்தப் பதிவேட்டின் நகலைத்தான் கொடுத்தேன். ஆக, தேசிய அணிக்குக் கடைசித் தேர்வு ஆட்டம் நடந்த அன்று காகிதத்தில் எனக்கு இருபத்தொன்பது. என் உடம்புக்கு முப்பத்திரண்டு. இது தெரிந்தவன் உலகத்தில் சாமுவேல் ஒருவன். என்னைப் பெற்றவர்களும் அவன் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

தேர்வு ஆட்டத்தன்று காலையில் மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் அவனைப் பிடித்தேன். என் வயது உன் வாயில் வரக்கூடாது என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு, கெஞ்சினேன். கிளாஸைக் கையில் வைத்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "வராது. செத்தாலும் வராது. ஆனா குழுவுல உனக்குக் கைய தூக்கறது மட்டும் ஆட்டத்தப் பார்த்துத்தான் தூக்குவேன்." அது போதும் என்று நினைத்தேன். ஆட்டத்தைப் பற்றி எனக்குப் பயமே இல்லை.

அன்றைக்கு நான் ஆடியதைப் பார்த்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு கோல் போட்டேன். ஒன்று போட வைத்தேன். என் இடத்துக்குப் போட்டியாக எதிரணியில் ஆடியவன் பாஸ்கரன் என்ற இருபது வயதுப் பையன். அவன் ஓடினான், நான் ஆடினேன். எழுபதாவது நிமிஷத்தில் விசில் ஊதினார்கள். கயிற்றைத் தாண்டி ஜனங்கள் உள்ளே வந்து என் முதுகில் தட்டினார்கள். குழுத் தலைவர் நாற்காலியிலிருந்தபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தேசத்துச் சட்டையை அப்போதே மேலே போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்போது சாமுவேல் எழுந்தான். விந்தி விந்தித் தலைவரிடம் போனான். ஆட்டத்தை இன்னும் இருபது நிமிஷம் நடத்த வேண்டும் என்று கேட்டான். தலைவருக்கு எரிச்சல். எல்லாரும் களைத்துப்போயிருக்கிறார்களே மாஸ்டர் என்றார். "அதுக்குத்தான் சார் கேக்கறேன்" என்றான்.

அந்த இருபது நிமிஷத்தை நான் எழுதித்தான் ஆக வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் சமாளித்தேன். எட்டாவது நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நீவிவிட்டு எழுந்தேன். பாஸ்கரன் மூன்று தரம் என்னைத் தாண்டிப் போனான். மூன்றாவது தரம் நான் துரத்தவே இல்லை. பந்து எங்கே வரும் என்று அந்த மைதானத்தில் எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்தது. அங்கே போக என்னால் முடியவில்லை. ஓரத்தில் நின்று சாமுவேலைப் பார்த்தேன். எழுபது நிமிஷமும் என்மேல் வைத்த கண்ணை எடுக்காதவன், தானே கேட்டு வாங்கின இருபது நிமிஷத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டியலில் பாஸ்கரன் பேர் வந்தது. வாசலில் சாமுவேல் எனக்காகக் காத்திருந்தான். "முனுசாமி, எயுபது நிமிஷத்துக்கு உன்ன மாதிரி ஆளு இந்த ராஜ்ஜியத்துலயே இல்ல. அங்க தொண்ணூறுடா" என்றான். வயதைச் சொல்லியே என்னைத் தள்ளியிருக்கலாமே என்றேன். வாக்குக் கொடுத்தேனே என்றான். "அப்போ இருவது நிமிஷம் கேட்டியே, அது மட்டும் இன்னா?" என்று கேட்டேன். நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அந்த வார்த்தைதான்.

கோபத்தில் மில்லை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வந்த இடத்தில் ஒரு கதையும் சொன்னேன். இருபத்தொன்பது வயதுக்காரனை, கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவன் காலை வாரிவிட்டான் என்றேன். உத்திரமேரூர் முழுக்க அது பரவியது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவன் காதில் விழவே பேசுவார்கள். அவன் விந்தி நடந்து போனால், தன் கால் போச்சு என்று சேக்காளி காலையும் எடுத்துவிட்டார் என்று சிரிப்பார்கள். ஒரு வார்த்தையில் அவன் அதை நிறுத்தியிருக்கலாம். முனுசாமி வயது முப்பத்திரண்டு என்று சொன்னால் போதும். அத்தனை வாயும் அடைத்துப்போயிருக்கும். டீ குடித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போவான். இதை நான் எதிர்க் கடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு தரம் என் வீட்டுக்கு வந்தான். நான் கூரைமேல் ஏறி வேய்ந்துகொண்டிருந்தேன். கீழே வந்து நின்றான். நான் பேசவில்லை. சட்டையைக் கழற்றித் திண்டில் வைத்துவிட்டு, வைக்கோல் பிரியை ஒவ்வொன்றாக எடுத்து மேலே நீட்டினான். நான் வாங்கி வாங்கி வைத்துக் கட்டினேன். முன்பு பந்து போட்ட மாதிரியே, நான் கை நீட்டும் இடத்துக்குச் சரியாக வந்தது. கூரை முடிந்தது. சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் பெண்சாதி, "வாய் தொறந்து வான்னு சொன்னா உன் முத்து உதிர்ந்துடுமா? உன்னோட பேஜாரா கீது" என்று இரண்டு நாள் என்னை ஏசினாள்.

அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றேன். சென்னையிலிருந்து பாஸ்கரன் வந்திருந்தான். முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தான். முப்பது ஆனதும் தன்னையும் மாஸ்டர்தான் நிறுத்தினார் என்று சொன்னான். அப்புறம் சொன்னான்: "நான் கப்பல் ஏறும்போது வந்திருந்தாரு அண்ணே. 'நீ போற எடம் ஒருத்தன் வுட்ட எடம். எழுபது நிமிஷம் உன்னவுட நல்லா ஆடினவன், மறக்காத'ன்னாரு. இருபத்தொம்போதுலயே அவருக்கு ஏன் சார் மூச்சு முட்டுச்சுன்னு கேட்டேன். 'அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு." பாஸ்கரன் என் முகத்தையே பார்த்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. குழிக்கு மண் போடக்கூட சாமுவேல் பக்கத்தில் போகாமல் வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் வழக்கம்போல் ஆரம்பித்தார். மாஸ்டர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் சேக்காளி காலை வாரியவர் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் எப்போதும் எடுத்துக்கொடுப்பவன்.

"அன்னிக்கு எனக்கு இருபத்தொம்போது இல்ல. முப்பத்திரெண்டு" என்றேன். "அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

பேச்சை ஆரம்பித்தவர் எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார். "வுடு அண்ணே. செத்தவர வுட்டுக்குடுக்க உனக்கு மனசு வரல. இஸ்கூல் ரிஜிஸ்டர்லயே கீதே, நீ அவருக்கு மூணு கிளாஸு சின்னவன்னு." இன்னொருவர் எனக்கு ஒரு டீ சொன்னார். துக்கத்தில் பேசுகிறார் என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷம் நான் சொன்ன பொய்யை நம்பினவர்கள், அன்றைக்கு உண்மையை நம்பவில்லை. ஆமாம் என்று எனக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒருவனை அப்போதுதான் மண்ணில் வைத்திருந்தார்கள்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

அவன் செய்தது சரி என்று நான் எழுதுவேன் என்று இந்த மலர்க்காரர்கள் எதிர்பார்த்திருக்கலாம். எழுதமாட்டேன். அந்த வருஷம் போன பையன்கள் தொண்ணூறு நிமிஷமும் ஓடினார்கள். எங்கே ஓடுவது என்று சொல்ல ஆளில்லாமல் ஓடித் தோற்று வந்தார்கள். பதினோரு பேரில் ஒரு பழைய தலை வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். அவன் இருந்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். அவனுடைய பேச்சும் பயிற்சியும் உங்களிடம் இருக்கின்றன, வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அவன் விட்டுப்போனது இந்தச் சண்டை ஒன்றுதான். பத்தொன்பது வருஷம் பேசாமல் போட்ட சண்டை. இப்போது பேச வேண்டும் போல் இருக்கிறது. எதிரில் ஆள் இல்லை.