நிமிர்த்தியிருக்கக் கூடாத மட்காட்

எண்பதுகளின் நடுவில், சோழவரத்தில் நடந்தது இது. அங்கே பழைய விமான ஓடுபாதையில் வருஷா வருஷம் கார் பந்தயம் நடக்கும். எனக்கு அப்போது தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே டிங்கரிங் ஷெட். இன்றைக்கும் இருக்கிறது. அன்று ஓலைக் கொட்டகை, இன்று கான்கிரீட். ஒரு பைசா யாரும் கொடுத்து உதவவில்லை, எல்லாம் என் கை சம்பாதித்தது. அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவன் நான். ஆனால் வண்டியில் விழுந்த டொக்கை என்னைப் போலப் படிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு?

லாரியும் காரும் இடித்துக்கொண்டால், போலீஸுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் என் ஷெட்டுக்கு வருவார்கள். நசுங்கின இடத்தைத் தடவிப் பார்ப்பேன். தகடு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, யார் பெயிண்ட் யார்மேல் ஒட்டியிருக்கிறது, கீறல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். "தப்பு உன்னுதுதான்பா" என்று கை காட்டினால் அதற்குமேல் அப்பீல் இல்லை. எதிர் டீக்கடைக்காரர் என் ஷெட்டுக்கு ஹைகோர்ட் என்றே பேர் வைத்திருந்தார்.

செம்பாக்கத்தில் ஒரு தம்பி இருந்தார். ஏரிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அப்பாவோடு சண்டை போட்டு, பழைய ஃபியட் ஒன்றை வாங்கிப் பந்தய வண்டியாக மாற்றினார். எஞ்சின் வேலை வேறொருவர், உடம்பு வேலை முழுக்க நான். நன்றாக ஓட்டுவார். ஆனால் அவசரக்காரர். முந்தின பந்தயத்தில் இன்னொரு வண்டியை உரசி, அதிகாரிகளிடம் கடைசி எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு தடவை தப்பு அவர்மேல் என்று முடிவானால் ஒரு வருஷம் பந்தயத்தில் ஓட்டக் கூடாது. ஒரு வருஷம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். "இன்னொரு புகார் வந்துச்சு, வண்டியை வித்துட்டு செங்கல் வியாபாரத்துல வந்து உக்காரு" என்று அவர் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று காலைப் பந்தயம். வலது பக்கம் திரும்பும் வளைவு ஒன்று. முன்னால் போனது பல்லாவரத்து பாய் ஒருவருடைய வெள்ளை வண்டி. தோல் வியாபாரம் செய்பவர் என்று கேள்வி, எனக்குப் பழக்கமில்லை. எங்கள் தம்பி உள்பக்கமாக நுழைந்தார். அதே நேரம் பாய் திரும்பினார். தடால்! ஒரே தூசி. பாய் வண்டி ஓரத்து வைக்கோல் கட்டுகளுக்குள் போய்ச் சொருகிக்கொண்டு நின்றது. எங்கள் சிவப்பு வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. இடது பக்க முன் மட்காட் உள்ளே மடங்கி டயரை அறுத்துக்கொண்டிருந்தது.

பந்தயத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. பின்னால் வருகிறவன் மூக்கால் குத்தினால் தப்பு அவனுடையது. ஆனால் அவன் ஏற்கெனவே பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டால், முன்னால் போகிறவன் இடம் விட வேண்டும். விடாமல் திரும்பினால் தப்பு இவனுடையது. அந்த மட்காட்டை ஒரு பார்வை பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அடி பக்கவாட்டில் விழுந்திருந்தது. ஹெட்லைட் உடையவில்லை, மூக்கில் கீறல்கூட இல்லை. தம்பி தோளோடு தோளாக வந்திருக்கிறார், பாய் பார்க்காமல் திரும்பியிருக்கிறார். தீர்ப்பு முடிந்தது.

அத்தோடு நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மத்தியானம் இன்னொரு பந்தயம் இருந்தது. அதுவும் போக, நசுங்கின தகட்டைக் கண்டால் என் கை அடங்காது. உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து, மேலே மரச்சுத்தியால் தட்ட ஆரம்பித்தேன். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் எனக்கு இன்னும் வேகம் வரும். பாய் வண்டியிலிருந்து ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைத் துணி போட்டுத் தேய்த்து எடுத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த சிவப்பை அடித்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம்போலத்தான் எனக்குத் தோன்றியது. மட்காட் புதுசாகிவிட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அதிகாரி ஒருவர் வந்தார். பாயுடைய மெக்கானிக் புகார் கொடுத்துவிட்டானாம், எங்கள் ஆள் பின்னாலிருந்து வந்து குத்தினார் என்று.

"மோதின வண்டி எது?"

"இதான் சார்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "எங்க மோதிச்சு?"

"தெரியலல்ல? அதான் சார் நம்ம வேலை!"

அவர் சிரிக்கவில்லை. "அடையாளத்தை அழிச்சிட்டு பெருமை வேறயா? எதை மறைக்க இவ்வளவு அவசரம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி குற்றவாளி இல்லை என்று சொல்ல எங்கள் வண்டியில் இருந்த சாட்சியை நானே தட்டித் தட்டி அழித்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். தம்பி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா பண்ணிட்ட?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூடாரத்தில் விசாரணை நடந்தது. வளைவில் கொடி பிடித்து நின்றவர்கள் தூசியைத்தான் பார்த்தார்கள். ஒருவர் இப்படி என்றார், இன்னொருவர் அப்படி என்றார். பாயுடைய மெக்கானிக் மட்டும் தொண்டை கிழியக் கத்தினான். நான் விடுவேனா? செருப்பைக் கழற்றி மேஜை முன்னால் தரையில் வைத்தேன். "சார், வலது செருப்பு நம்ம வண்டி, உள்பக்கம். இடது செருப்பு பாய் வண்டி. இது இங்க வந்துட்டப்புறம்தான் அது திரும்புது."

"செருப்பு சாட்சி சொல்லுதாம் சார்!" என்றான் அந்த மெக்கானிக். கூடாரமே சிரித்தது.

"மொதல்ல அதைக் கால்ல மாட்டுங்க" என்றார் அதிகாரி. தாம்பரத்து ஹைகோர்ட் நான். வெறுங்காலோடு நின்றேன்.

பாய் அதுவரை மூலையில் உட்கார்ந்து, தோளில் ஈரத்துணியோடு சோடா குடித்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து வந்தார். குனிந்து, இடது செருப்பைக் கொஞ்சம் வலது பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"இப்ப சரியா கீது" என்றார். "சார், அவரு வண்டில டொக்கு இல்ல. என் வண்டில கீது. வந்து பாருங்க."

மெக்கானிக் பதறினான். "பாய், நீங்க சும்மா இருங்க பாய்!"

"நீ சும்மா இர்றா. வண்டிக்குள்ள உக்காந்துகினு இருந்தது நானா, நீயா?"

எல்லோரும் போனோம். எதிராளி வண்டியையும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் ஹைகோர்ட்டுக்குத் தோன்றவே இல்லை. வெள்ளை வண்டியில் டிரைவர் கதவு உள்வாங்கியிருந்தது. அதன்மேல் எங்கள் சிவப்பு அப்பியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு கீறல் கிடையாது. பாய் பின் மட்காட்டைத் தட்டிக் காட்டினார். "பின்னாலர்ந்து குத்தியிருந்தா இங்க பட்டிருக்கணும். கண்ணாடில பாத்தப்ப தம்பி பின்னாடிதான் இருந்தாரு. திரும்பும்போது நான் மறுபடி பாக்கல. தப்பு மொத்தமும் என்னுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, அவரு வந்த வேகமும் வேகந்தான். ஆனா பின்னாடி வந்து குத்துனார்னு சொன்னா அது பொய்யி."

எச்சரிக்கை பாய்க்குப் போனது. தம்பிக்கு ஒன்றுமில்லை. மத்தியானப் பந்தயத்தில் ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள். பாதியில் எஞ்சின் நின்றுவிட்டது. அது என் வேலை இல்லை. மட்காட் கடைசி வரைக்கும் அசையவில்லை.

எனக்கு நன்றி சொல்லிப் பழக்கம் கிடையாது. இருந்தாலும் பாயிடம் போனேன். "நீங்களும் கதவைத் தட்டி எடுத்திருந்தா எங்க கதை முடிஞ்சிருக்கும் பாய்" என்றேன்.

"எனக்கு உன்னாட்டம் டிங்கர் கெடைக்கலியே" என்று சிரித்தார். "நல்ல கையிதான்பா உன்னுது. கொஞ்சம் மெதுவான கையா இருந்திருந்தா, நானே எழுந்து வந்து சொல்ற இந்த பேஜாரே இல்ல."

மறுநாள் காலை ஷெட்டைத் திறக்கிறேன், வாசலில் வெள்ளை வண்டி. பாய் அதன்மேல் சாய்ந்து நின்றார். "உங்க வண்டிதான இடிச்சுது? நீயே எடு."

மரச்சுத்தியை எடுத்தேன். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. கீழே வைத்துவிட்டு, செம்பாக்கத்துக்கு ஆள் அனுப்பித் தம்பியை வரவழைத்தேன். இரண்டு பேரையும் கதவுக்கு முன்னால் நிறுத்தி, "நல்லா பாத்துக்கோங்க" என்றேன். பார்த்தார்கள். பார்த்த உடனே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"அந்த சந்துல பூந்து வர்றியே, கண்ணு தெரியல உனக்கு?"

"பாய், கண்ணாடி இன்னாத்துக்கு கீது? தலை வாரவா?"

எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. டீக்கடைக்காரரும் வந்து ஒரு தீர்ப்பு சொன்னார். அந்த வழக்கு அன்றைக்கும் முடியவில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ டீயிலும் முடியவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் போதும் என்று ஆனபிறகுதான் கதவில் முதல் தட்டு தட்டினேன்.

இன்றைக்கும் சொல்கிறேன், என் கைக்கு ஈடான கை இந்த ரோட்டில் இன்னும் வரவில்லை. ஆனால் இடித்துக்கொண்ட வண்டி வந்தால், இரண்டு தரப்பும் வந்து கண்ணால் பார்க்கிற வரைக்கும் என் சுத்தி ஆணியில்தான் தொங்கும். பார்ட்டி அவசரம் என்று குதித்தாலும் சரிதான். ஆயிரம் டொக்கை அடையாளம் தெரியாமல் நிமிர்த்தியவன் நான். தனக்குப் பாதகமான டொக்கை நிமிர்த்தாமல் வைத்திருந்து, பத்துப் பேர் நடுவில் கூட்டிப்போய்க் காட்டிய அந்த ஒரு மனுஷனுக்கு முன்னால் மட்டும் என் பெருமை இன்னும் வெறுங்காலோடுதான் நிற்கிறது.